சூடேறிய மோட்டார் வண்டி மறுபடி கிளம்பாமை: காரணங்களும் பரீட்சிக்கும் முறையும்

கார்புரேட்டர் பொருத்திய பழைய பெட்ரோல் வண்டிகளை வைத்திருக்கும் விவசாயிகள் விருதுநகர் ஜில்லாவில் இன்றும் உண்டு. வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பெற்று 2014ஆம் ஆண்டுடன் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், பம்பாயில் செய்யப்பெற்ற பத்மினி, 1983ஆம் ஆண்டு வெளிவந்த மாருதி 800 இன் முற்பட்ட வண்டிகள், பெட்ரோலில் ஓடும் பழைய ஜீப்புகள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. விதையும் உரமும் கொண்டுவரவும், பருத்தி, மிளகாய் முதலியவற்றின் மாதிரிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், நடுநிசியில் நோயாளியைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்கவும் பயன்படும் வண்டி, வேண்டிய வேளையில் கிளம்பாவிடில் உண்டாகும் நஷ்டம் சிறிதன்று.

இவ்வண்டிகளுக்குக் கோடைக்காலத்தில் ஒரு தனிப்பட்ட கோளாறு வருவதுண்டு. காலையில் குளிர்ந்த நிலையில் முதற் சுற்றிலேயே கிளம்பும். வழியில் எவ்விதக் குறையுமின்றி ஓடும். நண்பகலில் கடைவீதியில் நிறுத்திப் பதினைந்து அல்லது இருபது நிமிஷம் கழித்துக் கிளப்ப முயன்றால் கிளம்பாது. அரைமணி அல்லது ஒரு மணி நேரம் சென்றபின், ஒன்றும் செய்யாமலே, தானாகக் கிளம்பும். மெக்கானிக் வந்து பார்க்கும்பொழுது இஞ்ஜின் ஆறிப்போய் நோய் மறைந்திருக்கும். அதனால் அவர் அனுமானத்தினால் ஒரு நாள் காயிலையும், மறு நாள் பெட்ரோல் பம்பையும், மூன்றாம் நாள் கார்புரேட்டரையுமே மாற்றிவிடுகிறார். செலவு ஏறுகிறது, கோளாறு அப்படியே நிற்கிறது.

இக்கோளாற்றில் விவசாயிகள் முக்கியமாக அறியவேண்டியது யாதெனில், இதனைச் சூடு இருக்கும்பொழுதே பரீட்சிக்க வேண்டும் என்பதே. ஆறிய இஞ்ஜினில் செய்யும் சோதனை எதையும் ருஜுப்படுத்தாது. வண்டி கிளம்ப மறுக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில், ஒரு சமயத்தில் ஒன்றாக, முறைப்படி சில எளிய பரீட்சைகளைச் செய்தால், பெரும்பாலும் காரணம் இன்னதென்று வண்டிக்காரரே கண்டுகொள்ளலாம். அம்முறையும், பட்டாசுத் தொழில் பரவியுள்ள சிவகாசி, சாத்தூர் பகுதிகளில் அதனைச் செய்யும்பொழுது கைக்கொள்ளவேண்டிய ஜாக்கிரதையும் இக்கட்டுரையில் விவரிக்கப்படும்.

1. உஷ்ணம் எவ்வாறு தடை செய்கிறது

தண்ணீரைப்போல் பெட்ரோல் ஒரே உஷ்ண நிலையில் கொதிப்பதன்று. அது பல திரவங்களின் கலவை. அதன் மிக லேசான பகுதிகள் ஏறத்தாழ 35 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமான பகுதிகள் 200 டிகிரி வரையில் தாங்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் நமது கரிசல் நிலப் பகுதியில் நிழலிலேயே உஷ்ணம் 38 முதல் 40 டிகிரி வரை ஏறுவது வழக்கம். ஆகவே, பெட்ரோலின் லேசான பகுதி வெளிக்காற்றின் சூட்டிலேயே கொதிநிலையை எட்டிவிடுகிறது. காகிதக் குழலும் தீக்குச்சியும் விரைவில் உலர்வதற்கு உதவி, தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களை இங்கே வேரூன்றச் செய்த அதே வறண்ட வெயில், பழைய வண்டிகளுக்கு இடையூறாகவும் அமைகிறது.

வண்டி ஓடும்பொழுது இந்தச் சூடு தோன்றுவதில்லை. காற்றாடியும் எதிர்க்காற்றும் பானெட்டுக்குள் வீசிக்கொண்டிருக்கும். தண்ணீர் இஞ்ஜினைச் சுற்றி ஓடி ரேடியேட்டரில் ஆறும். பம்பு வழியே ஓயாது வரும் பெட்ரோலும் குளிர்ச்சி தரும். சாவியைத் திருப்பி நிறுத்தியவுடன் இம்மூன்றும் ஒருங்கே நின்றுபோகின்றன. இஞ்ஜின் கட்டையிலும் சைலன்சர் குழாயிலும் தேங்கிய உஷ்ணம் மட்டும் மேலெழுந்து, அருகிலுள்ள கார்புரேட்டர், பம்பு, காயில் ஆகியவற்றைச் சுடுகிறது. எனவே, வண்டி நின்ற பிறகு பத்து முதல் இருபது நிமிஷம் வரையில் பானெட்டின் உட்புறம் ஓடியபொழுது இருந்ததைக் காட்டிலும் அதிகமாகச் சூடேறும். இரண்டு நிமிஷத்தில் திரும்பிக் கிளப்பினால் கிளம்பும் வண்டி, இருபது நிமிஷத்தில் கிளம்பாமைக்கும், ஒரு மணி சென்றபின் கிளம்புவதற்கும் இதுவே காரணம். அம்பாசடரின் 1489 கன சென்டிமீட்டர் இஞ்ஜினில் உறிஞ்சு குழாயும் சைலன்சர் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்திருப்பதால், கார்புரேட்டருக்கு இந்தச் சூடு நேரே தாக்குகிறது.

2. காரணங்கள் நான்கு

கிளம்பாமைக்குரிய காரணங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பெட்ரோல் மிகுதி. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் சூட்டினால், அடுப்பிலிட்ட பால்போல் பொங்கி, ஜெட் வழியாக உறிஞ்சு குழாயில் வழிந்துவிடும். பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்குக்குக் குறைந்தாலும், ஏழரைப் பங்குக்கு மேற்பட்டாலும் தீப்பற்றுவதில்லை. வழிந்த பெட்ரோலினால் ஆவி இந்த மேல் எல்லையைக் கடந்துவிடுவதால் மின்பொறி விழுந்தும் பயனில்லை.

இரண்டாவது, பெட்ரோல் இன்மை. பம்பிலும் குழாயிலும் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. பம்பு தன் சவ்வினால் உறிஞ்சும்பொழுது அழுத்தம் குறைவதால் அது இன்னும் எளிதில் ஆவியாகும். பிறகு பம்பு எத்தனை முறை அடித்தாலும் ஆவியைச் சுருக்கி விரிப்பதன்றித் திரவத்தைத் தள்ளாது. இதனை ஆவித்தடை எனலாம். தண்ணீர் இறைக்கும் பம்பில் காற்றுப் புகுந்து இறைப்பு நின்றுபோவதைக் கண்ட விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும்.

மூன்றாவது, மின்பொறி குறைவு. காயிலின் உள்ளே சுற்றியுள்ள செம்புக் கம்பி சூடேறச் சூடேற மின்சாரத்தை அதிகமாகத் தடுக்கும். டிகிரி ஒன்றுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கு தடை ஏறும். சாதாரண 12 வோல்ட் காயிலின் தடை 25 டிகிரியில் 3 ஓம் ஆயின், 85 டிகிரியில் அது 3.7 ஓம் ஆகும். இஞ்ஜினைச் சுற்றும்பொழுது பாட்டரியும் 10 வோல்ட் அளவுக்கு இறங்குமாதலால், 4 ஆம்பியர் ஓடவேண்டிய இடத்தில் 3 ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும். நல்ல காயில் இதனைத் தாங்கும். உட்காப்பு நைந்த காயிலோ பொறியை அடியோடு இழந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள கண்டென்சரும் சூட்டில் கெடுவதுண்டு.

நான்காவது, இஞ்ஜின் மெதுவாகச் சுழலுதல். நைந்த பாட்டரி, துருப்பிடித்த எர்த் வயர், சூடேறிய செல்ப் மோட்டார் ஆகியவற்றால் இஞ்ஜின் போதிய வேகத்தில் சுழலாது. பொறி விழும் நேரம் மிகவும் முந்தியிருந்தாலும், சூடான இஞ்ஜின் சுழலும்பொழுது பின்னுதைத்து நிற்கும்.

3. பரீட்சைக்கு முன் செய்யவேண்டியவை

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே கலைந்து போகாமல் தரையோடு பரவிப் பள்ளங்களில் தேங்கும். இஞ்ஜினுக்குள் மிகுதியாகித் தீப்பற்றாத ஆவி, வெளியே வந்து காற்றோடு கலந்து நீர்த்துப்போகும்பொழுது தீப்பற்றும் எல்லைக்குள் வந்துவிடுகிறது என்பதை மறத்தலாகாது. கிளம்பாத வண்டியைச் சுற்றியுள்ள இடமே, கிளம்பாத இஞ்ஜினைவிட அபாயமானது.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் இவ்வபாயம் பன்மடங்காகும். பட்டாசு ஆலைகளின் அருகிலும், மருந்து கலக்கும் கொட்டகைகளின் அருகிலும், சரக்கு வைத்துள்ள கிடங்குகளின் அருகிலும் சிறு பொறியும் பெருந்தீயாகும். சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ஆலை ஒன்றில் பற்றிய தீயில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். ஆதலின் கீழ்க்கண்ட விதிகளைத் தவறாமல் அனுஷ்டிக்க வேண்டும்.

அ. வண்டி அத்தகைய இடத்தில் நின்றுவிட்டால், அங்கே யாதொரு பரீட்சையும் செய்யலாகாது. செல்ப் மோட்டாரையும் மீண்டும் மீண்டும் இயக்கலாகாது. சாவியை அணைத்து, நால்வர் சேர்ந்து தள்ளிக் காற்றோட்டமுள்ள வெட்டவெளிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆ. பருத்திமார், வைக்கோல், காய்ந்த புல் ஆகியவற்றின்மேல் சூடான வண்டியை நிறுத்தலாகாது. சைலன்சர் குழாயின் சூடே அவற்றைப் பற்றவைக்கும்.

இ. பிளக் வயரைக் கழற்றி இஞ்ஜின் கட்டையோடு நெருக்கிப் பொறி பார்க்கும் பழக்கத்தை அறவே விடவேண்டும். பொறி பார்ப்பது அவசியமானால், வயருக்கும் பிளக்குக்கும் இடையே பொருத்தும், மூடிய கூட்டுக்குள் மினுக்கும் சிறு பரிசோதனை விளக்கைப் பயன்படுத்தலாம்.

ஈ. காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்புவது மிகவும் கெடுதியானது. இஞ்ஜின் திருப்பி உதைத்தால் தீ அவ்வாய் வழியே வெளிவந்து, ஊற்றுபவர் கையிலுள்ள புட்டியையே பற்றும்.

உ. உலர்தூள் தீயணைப்பான் ஒன்று வண்டியில் இருத்தல் வேண்டும். பெட்ரோல் தீயின்மேல் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் மிதந்து தீயைப் பரப்பும். மணலைத் தூவுதல் நலம்.

ஊ. பட்டாசு மருந்து கையாண்ட ஆடையோடு எவரும் திறந்த பானெட்டின் அருகில் நிற்கலாகாது. பீடி, சுருட்டு, தீக்குச்சி ஆகியவற்றைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை.

4. பரீட்சைகள்

இப்பரீட்சைகளைக் கூறிய வரிசையிலேயே செய்ய வேண்டும். இரண்டை ஒருங்கே செய்தால், வண்டி கிளம்பினாலும் எதனால் கிளம்பியதென்று தெரியாது. நேரம் கடந்தால் எல்லாக் காரணங்களும் தாமே நீங்கிவிடுமாதலால், தாமதமும் கூடாது.

முதற் பரீட்சை: சுழலும் வேகம். முன்விளக்குகளைப் போட்டுக்கொண்டு செல்ப் மோட்டாரை இயக்கிப் பார்க்க வேண்டும். காலையில் சுழன்ற வேகத்திலேயே சுழன்றால் நான்காம் காரணம் இல்லை. மெதுவாகச் சுழன்று விளக்கும் மிக மங்கினால், பாட்டரியையோ அதன் முனைகளையோ எர்த் வயரையோ கவனிக்க வேண்டும். விளக்கு மங்காமல் செல்ப் மாத்திரம் சுழலாவிடில், அதன் ஸ்விட்சிலோ வயரிலோ குறை இருக்கும். வோல்ட் மீட்டர் உள்ளவர்கள், சுழலும்பொழுது பாட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். பரீட்சை முடிந்தவுடன் விளக்குகளை அணைத்துவிட வேண்டும்.

இரண்டாம் பரீட்சை: மிதியை முழுதும் அழுத்துதல். சோக் முழுதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் தரைவரையில் அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு, எட்டுப் பத்து விநாடி செல்ப் மோட்டாரை இயக்க வேண்டும். பிறகு அரை நிமிஷம் ஓய்வு கொடுத்து மறுபடி ஒருமுறை செய்யலாம். மிதியைத் திரும்பத் திரும்ப அடிக்கலாகாது. சோலெக்ஸ் போன்ற கார்புரேட்டர்களில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பீச்சு பெட்ரோல் உள்ளே விழும். அது நோயை வளர்க்கும். அம்பாசடர்கள் பலவற்றில் உள்ள எஸ். யூ. வகையில் அந்தப் பீச்சுப் பம்பு இல்லையெனினும், அழுத்திப் பிடிப்பதே சரியான வழி. இவ்வாறு செய்யும்பொழுது தேங்கிய ஆவி காற்றினால் அடித்துச் செல்லப்படும். இஞ்ஜின் தடுமாறிக் கரும்புகையோடு கிளம்பினால், காரணம் பெட்ரோல் மிகுதியே. இது பரீட்சையும் ஆகும். அப்போதைய நிவாரணமும் ஆகும்.

மூன்றாம் பரீட்சை: பிளக்கின் சாட்சி. மேற்கண்டவாறு கிளம்பாவிடில், சாவியை அணைத்து, கைக்குத் துணி சுற்றிக்கொண்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வந்துசேர்ந்திருக்கிறது என்று அறியலாம்; குறை மிகுதியிலோ மின்பொறியிலோ இருக்கும். அது உலர்ந்திருந்தால், பெட்ரோல் வரவில்லை என்பது தெளிவு. எல்லாப் பரீட்சைகளிலும் இதுவே வழியை இரண்டாகப் பிரித்துக் காட்டுவது.

நான்காம் பரீட்சை: பம்புக்கு ஈரத்துணி. பிளக் உலர்ந்திருந்தால், முதலில் பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறக்க வேண்டும். காற்று உள்ளிழுக்கும் சப்தம் கேட்டு, அதன்பின் வண்டி கிளம்பினால், மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருக்கிறது. அவ்வாறில்லையெனில், பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, பெட்ரோல் பம்பின்மேலும் அதிலிருந்து கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயின்மேலும் சுற்றி, மூன்று நிமிஷம் விடவேண்டும். துணி சூடேறினால் மறுபடி நனைக்கலாம். ஆவி குளிர்ந்து திரவமாகிப் பம்பு பிடித்துக்கொண்டு வண்டி கிளம்பினால், காரணம் ஆவித்தடை. சூடான இஞ்ஜின் கட்டையின்மேலும் சைலன்சர் குழாயின்மேலும் தண்ணீரைக் கொட்டலாகாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

ஐந்தாம் பரீட்சை: காயிலுக்கு ஈரத்துணி. பிளக் நனைந்திருந்து, மிதியை அழுத்தியும் கிளம்பாவிடில், பிளக்குகளைத் துடைத்து உலர்த்தி மாட்ட வேண்டும். அதன் பின்னும் கிளம்பாவிடில் மின்பொறியைச் சந்தேகிக்க வேண்டும். சாவி அணைந்திருக்கும்பொழுது, பிழிந்த ஈரத்துணியைக் காயிலின் உடலைச் சுற்றி மட்டும், மேல் முனைகள் நனையாதபடி, ஐந்து நிமிஷம் சுற்றி வைக்கலாம். துணியை எடுத்துவிட்டு உடனே கிளப்பினால் கிளம்பினால், காயிலே குற்றவாளி. அவ்வாறும் கிளம்பாவிடில், கண்டென்சரையும் பாயிண்ட்டுகளையும் பார்க்க வேண்டும். பாயிண்ட்டுகள் கருகிக் குழி விழுந்திருந்தால் கண்டென்சர் கெட்டதற்கு அது அறிகுறி. கண்டென்சர் விலை குறைந்த சாமான். முதலில் அதனை மாற்றிப் பார்ப்பது தகும்.

வண்டி ஓடும்பொழுது காணும் குணங்களும் உதவும். ஓட்டத்தில் திணறித் திணறிச் சிறிது சிறிதாக அடங்கினால் பெட்ரோல் தடை எனவும், விளக்கை அணைத்தாற்போல் திடீரென்று நின்றால் மின்பொறித் தடை எனவும் பெரும்பாலும் கொள்ளலாம்.

5. நிவாரணங்கள்

பெட்ரோல் மிகுதியானால்: மிதவைக் கிண்ணத்தின் ஊசி வால்வு தேய்ந்திருக்கலாம், மிதவையின் மட்டம் உயர்ந்திருக்கலாம், பித்தளை மிதவையில் துவாரம் விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கலாம். மிதவையைக் காதருகில் குலுக்கிப் பார்த்தால் கடைசியாகக் கூறியது தெரிந்துவிடும். கார்புரேட்டருக்கும் உறிஞ்சு குழாய்க்கும் இடையே சூட்டைத் தடுக்கும் தடித்த கட்டை இருக்கவேண்டிய வண்டிகளில், பழுது பார்த்தபொழுது அதனை நீக்கி மெல்லிய பேக்கிங் மாத்திரம் வைத்துவிடுவதுண்டு. சைலன்சர் குழாய்க்கு மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடும் துருப்பிடித்தபின் எறியப்பட்டுவிடுகிறது. இவ்விரண்டையும் திரும்பப் பொருத்தினாலேயே பல வண்டிகள் குணமாகும்.

ஆவித்தடையானால்: பெட்ரோல் குழாய் சைலன்சர் குழாயை ஒட்டிச் செல்கிறதா என்று கவனித்து, விலக்கிக் கட்ட வேண்டும். பம்புக்கும் இஞ்ஜின் கட்டைக்கும் இடையேயுள்ள தடித்த பேக்கிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடிகட்டி அடைபட்டால் பம்பு கடுமையாக உறிஞ்ச நேரிட்டு ஆவி எளிதில் உண்டாகும்; அதனை மாற்ற வேண்டும்.

ஆவித்தடைக்கு மூலகாரணம் பல சமயங்களில் இஞ்ஜினின் மிகுந்த சூடே. நமது ஜில்லாவின் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. அதனை ரேடியேட்டரில் ஊற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவதுபோல் சுண்ணாம்புப் படிவு உள்ளே படிந்து சூட்டை வெளியே விடாது. மழைத் தண்ணீரையோ காய்ச்சி வடித்த தண்ணீரையோ, ரேடியேட்டருக்குரிய கூலண்டோடு சேர்த்து ஊற்றுதல் வேண்டும். ரேடியேட்டரின் வெளிப்புறச் செதில்களில் பருத்திப் பஞ்சும் கரிசல் தூசியும் அடைந்திருந்தால், உட்புறத்திலிருந்து வெளிநோக்கித் தண்ணீர் பீச்சிக் கழுவலாம். காற்றாடிப் பட்டையின் இறுக்கத்தையும் கவனிக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருகாலும் திறக்கலாகாது.

மின்பொறிக் குறையானால்: காயிலை மாற்றுவதோடு நில்லாமல், அது கெட்டதற்குக் காரணத்தையும் ஆராய வேண்டும். இஞ்ஜின் ஓடாதபொழுது சாவியைத் திறந்த நிலையில் விட்டுவைத்தால், பாயிண்ட்டுகள் மூடியிருக்கும் பட்சத்தில் மின்சாரம் காயிலில் ஓடிக்கொண்டே இருந்து அதனைச் சுடும். வண்டியை நிறுத்தியபின் பாட்டுக் கேட்பதற்காகச் சாவியைத் திறந்துவைப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். மாற்றும் காயில், வண்டிக்கு உரிய தடை உள்ளதுதானா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.

சுழலும் வேகம் குறைவானால்: பாட்டரி முனைகளையும், எர்த் வயர் வண்டிச் சட்டத்தில் சேருமிடத்தையும் கழற்றிப் பளபளப்பாகச் சுரண்டி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். பொறி விழும் நேரத்தை அதற்குரிய விளக்கினால் சரிபார்க்க வேண்டும்.

6. எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது படிப்படியாக உயர்ந்து, 2025ஆம் ஆண்டில் நூற்றுக்கு 20 பங்கு என்னும் அளவை எட்டியது. கரும்பும் மக்காச்சோளமும் இதற்கு மூலப்பொருள்களாதலால் விவசாயிகளுக்கு இதில் அனுகூலம் உண்டு. எனினும், பழைய வண்டி வைத்திருப்போர் சில விஷயங்களைக் கவனித்தல் வேண்டும். எத்தனால் தனியே 78 டிகிரியில் கொதிப்பதாயினும், பெட்ரோலோடு சிறு அளவில் கலந்தால் கலவையின் ஆவியாகும் தன்மையை உயர்த்துகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் ஊறச்செய்து இளக்குகிறது. டாங்கில் நெடுநாள் படிந்த அழுக்கைக் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டுவருகிறது. ஆதலின், குழாய்களையும் சவ்வையும் எத்தனால் தாங்கும் வகையில் ஒருமுறை மாற்றி, அதன்பின் சில மாதம் வடிகட்டியை அடிக்கடி பார்ப்பது அவசியம். இளகிய குழாயில் கசிவு ஏற்பட்டால், அது கிளம்பாமையைவிடப் பெரிய ஆபத்து.

7. ஓர் எடுத்துக்காட்டு

முறை விளங்கும்பொருட்டு ஓர் உதாரணம் கூறுவோம். சாத்தூர் தாலுகா விவசாயி ஒருவர் வைகாசி மாதத்தில் மிளகாய் மாதிரியோடு பழைய வண்டியில் விருதுநகர்ச் சந்தைக்குச் சென்று, இருபது நிமிஷம் கழித்துத் திரும்ப முயலுகையில் வண்டி கிளம்பவில்லை என்று கொள்வோம். செல்ப் வேகமாகவே சுழல்கிறது. ஆகவே பாட்டரி குற்றமற்றது. மிதியை அழுத்தி இருமுறை முயன்றும் பயனில்லை. பிளக்கைக் கழற்றினால் உலர்ந்திருக்கிறது. டாங்கின் மூடியைத் திறந்தால் சப்தம் இல்லை. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி மூன்று நிமிஷத்தில் வண்டி கிளம்புகிறது. இப்பொழுது அவர் மெக்கானிக்கிடம் சென்று, "வண்டி கிளம்பவில்லை" என்று பொதுவாகக் கூறவேண்டுவதில்லை. "சூட்டில் பம்பில் ஆவி அடைக்கிறது, ஈரத்துணியால் நீங்குகிறது" என்று கூறலாம். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தால், முன்பு சைலன்சரை மாற்றியபொழுது பெட்ரோல் குழாய் இடம் பெயர்ந்து அதனோடு ஒட்டியிருப்பது தெரியவருகிறது. இரண்டு கிளிப்புகளால் குழாயை விலக்கிக் கட்டியதோடு வேலை முடிகிறது.

இதே குணம் காட்டும் மற்றொரு வண்டியில் பிளக் நனைந்து கறுத்திருந்தால், வழி முற்றிலும் வேறாகும். அங்கே பம்பை மாற்றுவது வீண் செலவு. வெளிக்குணம் ஒன்றாயினும் நோய் வேறாதல் கூடும் என்பதற்கு இது சாட்சி. பயிரின் இலை மஞ்சளாவது தழைச்சத்துக் குறைவினாலும், நீர் தேங்கியதனாலும், பூச்சியினாலும் நேரலாம். வேரையும் இலையின் அடிப்பக்கத்தையும் பாராமல் உரத்தை அள்ளிப் போடும் விவசாயிக்கும், பிளக்கைப் பாராமல் சாமானை மாற்றும் வண்டிக்காரருக்கும் பேதமில்லை.

8. வருமுன் காத்தல்

கோடையில் வண்டியை நிறுத்துமுன் ஒரு நிமிஷம் மெல்ல ஓடவிட்டு, பிறகு அணைப்பது நலம். நிழலில், காற்று வரும் திசையை முகப்பு நோக்கும்படி நிறுத்தி, பத்திரமான இடமாயின் பானெட்டைத் தூக்கி வைத்தால் தேங்கும் சூடு மேலே போய்விடும். டாங்கில் பெட்ரோல் மிகவும் குறைய விடலாகாது. சிறிதளவு பெட்ரோல் விரைவில் சூடேறும். பங்குனி மாதம் முடிவதற்குள் ரேடியேட்டர், காற்றாடிப் பட்டை, பாயிண்ட்டுகள், பாட்டரி முனைகள், பெட்ரோல் குழாய்கள் ஆகிய ஐந்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால், அக்கினி நட்சத்திர நாட்களில் வழியில் நிற்க நேராது. கார்புரேட்டர் உள்ள விசைத்தெளிப்பான்களுக்கும் சிறு பெட்ரோல் பம்பு செட்டுகளுக்கும் இவற்றுட் பல பொருந்தும்.

கிராம அலுவலர்கள் தங்கள் ஊரில் பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்போரிடத்தும், அவற்றை ஓட்டுவோரிடத்தும், மூன்றாம் பகுதியிற் கூறிய ஆறு விதிகளை எடுத்துரைத்தல் நன்று. பட்டாசு ஆலைகளை அடுத்த ஊர்களில், வண்டி நின்றால் தள்ளிச் செல்லவேண்டிய வெட்டவெளி இன்னதென்று முன்னரே குறித்து யாவருக்கும் தெரிவித்துவிடலாம்.

ஞாபகக் குறிப்பு

சூடு இருக்கும்பொழுதே பரீட்சை செய்க. முதலில் இடத்தின் அபாயத்தைப் பார்க்க. பிறகு சுழலும் வேகம், பிறகு அழுத்திய மிதி, பிறகு பிளக். பிளக் உலர்ந்திருந்தால் டாங்கின் மூடியையும் பம்பையும், நனைந்திருந்தால் மிதவைக் கிண்ணத்தையும் காயிலையும் சோதிக்க. ஒரு சமயத்தில் ஒன்றையே செய்க. காரணம் தெரியும்வரையில் எந்தச் சாமானையும் விலைக்கு வாங்கற்க.